நூறு தொட்டி, ஒரே செடி

ஒரு செடி அழிவின் விளிம்பில் இருக்கிறது என்றதும் எல்லாரும் கேட்பது, "எத்தனை மிச்சம்?" மும்பையில் தாவர மரபணு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் எனக்கு அந்தக் கேள்வி பாதிதான். மிச்சம் இருப்பதில் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை எத்தனை என்பது மீதிப் பாதி. அதைக் கேட்பவர்கள் குறைவு, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மழை தொடங்கினால் செம்பூர், முலுண்டு, டோம்பிவிலித் தமிழர்களும் பையை மாட்டிக்கொண்டு சஹ்யாத்ரி (மேற்குத் தொடர்ச்சி மலை) கோட்டைகளுக்குக் கிளம்பிவிடுகிறோம். ஏறுகிற வழியில், கைக்கு எட்டாத செங்குத்துப் பாறைகளில் சில செடிகள் தொங்கிக்கொண்டிருக்கும். ஆடு மேயாது, காட்டுத்தீ எட்டாது, யாரும் விறகு வெட்ட வரமாட்டார்கள். கீழே இருந்த சொந்தங்களெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகும் இவை பாறை இடுக்கில் தப்பித்து நிற்கின்றன. ஆனால் ஒரு பாறைக்கும் அடுத்த பாறைக்கும் நடுவே வயலும் ஊரும் சாலையும் வந்துவிட்டன. ஒவ்வொரு பாறையும் இப்போது ஒரு தீவு.

ஃப்ரேரியா இண்டிகா அப்படிப்பட்ட ஒன்று. மராத்தியில் ஷிந்தள் மாகுடி என்பார்கள். மகாராஷ்டிரத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. புணே மாவட்டத்து ஜுன்னர் பகுதியிலிருந்து 1860களில் டால்செல் என்ற தாவரவியலாளர் இதை விவரித்தார். அப்போதைய பம்பாய் ஆளுநர் பார்ட்டில் ஃப்ரேரின் பெயரை வைத்தார். (மும்பையில் நாம் தினமும் கடந்துபோகும் ஃப்ளோரா ஃபவுண்டன் நீரூற்றும் முதலில் அவரைக் கௌரவிக்க எழுப்பப்பட்டதுதான்.) நம்மூர்க் கள்ளிமுளையானுக்கு இது நெருங்கிய சொந்தம். அதை அரைப்பது போலத் தயவுசெய்து இதையும் துவையல் அரைத்துவிடாதீர்கள். சதைப்பற்றான தண்டு, மழைக்கு இலை, கோடையில் மொட்டை. கருஞ்சிவப்புப் பூவில் மஞ்சள் கோலம். எருக்கின் குடும்பம் என்பதால் மகரந்தம் தூளாக இருக்காது, சின்னக் கட்டியாக இருக்கும். பூவுக்கு வரும் ஈ அதைக் காலிலோ வாயிலோ மாட்டிக்கொண்டு போய் இன்னொரு பூவின் பள்ளத்தில் சரியாகச் செருகினால்தான் காய்.

1980களில் உலகிலேயே மிகவும் ஆபத்தில் இருந்த பன்னிரண்டு தாவரங்களில் ஒன்றாக, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். இதைக் குறித்தது. அப்புறம் பல தோட்டங்கள் இதைப் பெருக்கின. ஒரு கிளையை ஒடித்து மணலில் செருகினால் வேர் விட்டுவிடும், அவ்வளவு சுலபம். செடி பிழைக்க அது உதவியது, மறுப்பதற்கில்லை. சிக்கலும் அங்கேதான். ஒடித்து வைத்த கிளை புதுச் செடி இல்லை, பழைய செடியேதான்.

இது ஆய்வுக்கூடத்தில் எப்படித் தெரியும்? நகக்கண் அளவு இலை போதும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட உறையில் உலர்த்திக் கொண்டுவருவோம். இந்த மாதிரி சதைப்பற்றுச் செடிகளை அரைப்பது பெரும் தலைவலி. வெண்டைக்காய் நறுக்கிய கத்தி மாதிரி எல்லாம் வழவழத்துவிடும், டி.என்.ஏ. அந்தக் கொழகொழப்போடு ஒட்டிக்கொண்டு வரும். உப்பைக் கூட்டி, குளோரோஃபார்மில் திரும்பக் கழுவித்தான் பிரிக்க வேண்டும். பிறகு, மரபணுத் தொகுப்பில் சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்களைப் பார்ப்போம். எத்தனை தடவை திரும்புகிறது என்பது செடிக்குச் செடி மாறும். தாய் வழியில் ஒன்று, தந்தை வழியில் ஒன்று எனக் கணினித் திரையின் வரைபடத்தில் இரண்டு முகடுகள் எழும், இரண்டும் ஒரே அளவென்றால் ஒன்றாகத் தெரியும். விதையில் வந்த செடிகள் என்றால் வரிசைக்கு வரிசை முகடு நகரும். கிளை வெட்டி வளர்த்தவை என்றால் முதல் தொட்டியிலிருந்து கடைசித் தொட்டி வரை அதே முகடுகள்தான்.

அதனால் என்ன, பச்சையாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு பூஞ்சை வந்தால் ஒன்றைச் சாய்ப்பது எல்லாவற்றையும் சாய்க்கும். இன்னொன்று, எருக்குக் குடும்பத்தில் பல செடிகள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. அப்படிப்பட்ட செடியில் நூறு தொட்டியும் பூத்துக் குலுங்கும், ஆனால் காய் வராது.

தொட்டியில் பெருகுவது வேறு, காட்டில் பிழைப்பது வேறு. ஹவாயின் காவாய் தீவில் கடலோரப் பாறைகளில் பிரிகாமியா இன்சிக்னிஸ் என்றொரு செடி இருந்தது. அதற்கு மகரந்தம் சுமந்ததாகக் கருதப்படும் அந்துப்பூச்சி அரிதாகியோ மறைந்தோ போனது. தாவரவியலாளர்கள் கயிற்றில் தொங்கி, தூரிகையால் பூப்பூவாக மகரந்தம் தடவினார்கள். இன்று காட்டில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஐரோப்பாவிலோ அது வீட்டுச் செடியாகத் தொட்டி தொட்டியாக விற்கிறது.

பாறைச் செடிகள் நம்மை ஏமாற்றுவதற்கு இன்னொரு காரணம், அவற்றின் ஆயுள். ஸ்பெயினின் பிரனீஸ் மலையில் உள்ள போர்டேரியா சுவார்டி, நம் பெருவள்ளிக்கிழங்கின் குடும்பம், முந்நூறு ஆண்டுகள்கூட வாழும். அப்படிப்பட்ட செடியில் புதுத் தலைமுறை நின்றுபோனாலும் பாறை பல காலம் பச்சையாகவே தெரியும்.

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். "சார், பால்கனியில இருபது தொட்டி இருக்கு, ஷிவ்நேரிக் கோட்டையில போய் நட்டுடலாமா?" என்று நம் ட்ரெக் குழு நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல மனசு, ஆனால் வேண்டாம். அந்த இருபதும் எந்தப் பாறையிலிருந்து வந்தவை என்று அவருக்கே தெரியாது. வேறு பாறையின் செடியைக் கலந்தாலே கெட்டுவிடும் என்று பயப்படுகிறவன் இல்லை நான். மிகச் சிறிய கூட்டத்துக்குப் புது ரத்தம் நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் எதை எங்கே சேர்க்கிறோம் என்று அளந்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலை அது. அளக்காமல் நட்டால், எது பாறையின் சொந்தச் செடி, எது பால்கனிச் செடி என்று பிறகு யாராலும் எளிதில் பிரிக்க முடியாது. நாற்றங்கால் வைப்பவர்களிடமும் இதையேதான் சொல்வேன்: கிளையை விட விதை மேல், ஒரே தாயின் விதையை விடப் பல தாய்களின் விதை மேல். எந்தக் கோட்டை, எந்தப் பக்கப் பாறை, எந்த ஆண்டு என்ற சீட்டு இல்லாத தொட்டி அழகுக்குத்தான் ஆகும்.

பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகள் 2025இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. ஷிவ்நேரியும் நம் செஞ்சியும் அதே பட்டியலில் இருக்கின்றன. இனி சுவர் சுத்தம் செய்யும் வேலை கூடும். கல்லைப் பிளக்கும் அரச, ஆலங்கன்றுகளை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் பாறை முகத்தில் உள்ளதையும் சேர்த்துச் சுரண்டுவதற்கு முன் ஒரு தாவரவியலாளரைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டால் போதும்.

ஃப்ரேரியாவும் அதன் உறவான செரோபீஜியா இனங்களும் ஏற்றுமதிக்குத் தடையுள்ள காட்டுத் தாவரங்கள். இணையத்தில் 'அரிய செடி' என்று யாராவது விற்றால், எங்கிருந்து எடுத்தது என்று கேளுங்கள். மழுப்பினால் வாங்க வேண்டாம். மலையில் பார்த்தால் படம் எடுங்கள், இடத்தின் குறியீட்டைப் பொதுவில் போடாதீர்கள். எல்லாரும் பூவைத்தான் எடுக்கிறார்கள். எங்களுக்கு வேண்டியது மழை ஓய்ந்த பின், இரட்டைக் கொம்பு மாதிரி நிற்கும் காயின் படம். காய் பார்த்தால் தேதியோடு அருகில் உள்ள கல்லூரியின் தாவரவியல் துறைக்கு அனுப்பிவையுங்கள்.