டைப் அடிக்கும்போது கை திண்டின் மேல் இருக்கக் கூடாது

கீபோர்டுக்கு முன்னால் கைக்கு வைக்கிற திண்டை, அதாவது ரிஸ்ட் ரெஸ்ட்டை, வீட்டிலேயே தைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. அளவு பார்த்துச் செய்தால் கடையில் வாங்குவதைவிட நன்றாகவே இருக்கும். எனக்குக் கோபம் வருவது வேறு விஷயத்தில். அது எதற்கு என்று தெரியாமலே மாதக்கணக்கில் கையை அதன்மேல் அழுத்திவைத்து, விரல் மரத்துப்போன பிறகு மார்த்தாண்டத்தில் இருக்கிற என் பிசியோதெரபி அறைக்கு வருகிறார்கள். திருவனந்தபுரத்துக்குத் தினமும் ரயிலேறும் ஐடி பிள்ளைகளும் சரி, டயர் கடையில் பில் போடுகிறவர்களும் சரி, எல்லாருக்கும் ஒரே கதைதான்.

போன வாரம் களியக்காவிளைப் பக்கத்திலிருந்து டிடிபி சென்டர் நடத்தும் ஒரு பெண் வந்தார். 1956-க்கு முன்னால் எங்கள் பகுதி திருவிதாங்கூரோடு இருந்ததால் பழைய நில ஆதாரங்கள் பலவும் மலையாளத்தில் இருக்கும். அதைப் பார்த்து அடிப்பது, அப்புறம் தமிழில் மனு, விண்ணப்பம் என்று நாள் முழுக்க அவருக்குக் கீபோர்டுதான். துண்டைச் சுருட்டி இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட் போட்ட திண்டு ஒன்றையும் கையோடு கொண்டுவந்திருந்தார். என் மேஜையில் வைத்து அடித்துக் காட்டச் சொன்னேன். மணிக்கட்டில் ரேகை ஓடும் இடம் துண்டின் மேட்டில் அப்படியே பதிந்திருந்தது. விரல்கள் மட்டும் எட்டி எட்டிப் போயின. கையைத் தூக்கியபோது துண்டின் நெசவு தோலில் அச்சாக விழுந்திருந்தது.

“மெத்துனுதானே இருக்கு மேடம், இது எப்படி நரம்பை அழுத்தும்?” என்றார்.

இந்த ‘மெத்து’தான் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகலான வழி. விரலை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் அதற்குள்தான் நெருக்கியடித்துப் போகின்றன. அங்கே எதை வைத்து அழுத்தினாலும் அழுத்தம்தான், பஞ்சாக இருந்தாலும் சரி, பலகையாக இருந்தாலும் சரி. ரொம்ப மெத்தென்று இருந்தால் கை இன்னும் புதைந்து உட்காரும். திண்டு என்பது அடிப்பதை நிறுத்தி யோசிக்கும் நேரத்தில் கையை இளைப்பாற்றுவதற்கு. அப்போதும் அதில் படவேண்டியது மணிக்கட்டு இல்லை, உள்ளங்கையின் அடிச்சதை. அடிக்கும்போது கை அந்தரத்தில் இருக்கட்டும், முழங்கையிலிருந்து நகரட்டும். இதை மட்டும் மறக்காதீர்கள்.

சரி, செய்வது எப்படி? முதலில் உயரம். கீபோர்டின் முன்விளிம்பை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் 2 சென்டிமீட்டருக்குள்தான் வரும். திண்டு அதைத் தாண்டவே கூடாது. சுருட்டிய துண்டு இங்கேயே தோற்றுவிடும். அகலம் 7, 8 சென்டிமீட்டர் போதும். நீளம் கீபோர்டு அளவுக்கு. பில் போடுகிறவர்கள் நம்பர் பேடையும் சேர்த்து அளக்க வேண்டும்.

பழைய காட்டன் வேட்டித் துணியில் பை தைத்து, குறுக்கே மூன்று நான்கு இடத்தில் தையல் போட்டு அறை பிரியுங்கள். இல்லாவிட்டால் உள்ளே போட்டதெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். நான் சொல்வது கேழ்வரகு. மணி சிறிது, கைக்கேற்ப இடம் கொடுக்கும். முக்கால் பாகம்தான் நிரப்ப வேண்டும். இலவம்பஞ்சு நாளடைவில் நசுங்கிக் கட்டிதட்டிவிடும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் நம்முடையது, தானியம் பூசணம் பிடிக்கும். அதனால் அடிக்கடி வெயிலில் காயவைத்து, புழு வைத்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். மேலுறையைத் தனியாகத் தைத்தால் வியர்வைக்குத் துவைக்கலாம். அடியில் பழைய மவுஸ் பேடை வெட்டி ஒட்டினால் வழுக்காது.

கீபோர்டின் பின்கால்களைத் தயவுசெய்து மடக்கிவையுங்கள். அதைத் தூக்கி நிறுத்தினால் மணிக்கட்டு பின்னால் வளையும். பிறகு எந்தத் திண்டும் உதவாது. நாற்காலி தாழ்வாக இருந்தால் தலையணை போட்டு உட்காருங்கள், முழங்கை கீபோர்டு மட்டத்துக்கு வரவேண்டும்.

வருகிறவர்கள் எல்லாரும் “கை முழுக்க மரத்துப்போகுது” என்பார்கள். நான் முதலில் கேட்பது சுண்டுவிரலைப் பற்றித்தான். அது நன்றாக இருந்து மற்ற விரல்கள் மரத்தால் பெரும்பாலும் நான் மேலே சொன்ன நரம்பு. சுண்டுவிரல்தான் மரக்கிறது என்றால் அது வேறு நரம்பு, வேறு வைத்தியம். வரும்முன் ஒரு வாரம் கவனித்துக் குறித்துவைத்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

ராத்திரி மரத்து எழுந்து கையை உதறுகிறீர்களா? டம்ளர் நழுவுகிறதா? இனித் திண்டைத் திருத்திக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இன்னும் சீக்கிரம் போக வேண்டும். தைலம் போட்டு அழுத்தி உழிந்தால் சரியாகிவிடும் என்று மாதங்களைக் கடத்த வேண்டாம். கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்த பிறகு வந்தால் பழைய பலத்தை முழுதாக மீட்க முடியாமலும் போகலாம்.