மறுசெய் விகிதப் பொருத்தம்

ஓர் அட்டவணையின் நிரைக் கூட்டுத்தொகைகளும் நிரல் கூட்டுத்தொகைகளும் உறுதியாகத் தெரிந்திருக்க, உள்ளிருக்கும் எண்கள் மட்டும் மாதிரி ஆய்விலிருந்து கிடைத்தவையாக இருந்தால், அவ்வெண்களை இரு பக்கக் கூட்டுத்தொகைகளுக்கும் இசையப் படிப்படியாகத் திருத்தும் கணிப்புமுறைக்கு இப்பெயர். சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயது, பாலினம் முதலியவை அரசாங்கப் பதிவேடுகளிலிருந்தும், வீட்டில் பேசும் மொழி போன்றவை ஏறத்தாழ 150,000 குடும்பங்களின் மாதிரியிலிருந்தும் பெறப்பட்டன. இத்தகைய சூழலுக்காகவே 1940இல் புள்ளியியலாளர்கள் டெமிங், ஸ்டீபன் இருவரும் அமெரிக்கக் கணக்கெடுப்பை முன்னிட்டு இம்முறையை வகுத்தனர். தொலைபேசிப் போக்குவரத்தைக் கணிக்கக் குருய்த்தோஃப் என்னும் பொறியாளர் 1937இலேயே இதைக் கையாண்டிருந்தார்.

கற்பனையான ஓர் அட்டவணையைப் பார்ப்போம். இளையோர் நிரையில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டினர் 40, தனியார் வீட்டினர் 10. மூத்தோர் நிரையில் 30, 20. நிரைக்கு 60, 60 என்றும் நிரலுக்கு 90, 30 என்றும் வரவேண்டும். இரு நிரைகளையும் 1.2ஆல் பெருக்கினால் இளையோர் நிரை 48, 12 என்றும் மூத்தோர் நிரை 36, 24 என்றும் ஆகின்றன. இப்போது நிரல்கள் 84, 36 என நிற்பதால் அவற்றை முறையே 90/84, 30/36 ஆகியவற்றால் பெருக்க, நிரைகள் சற்றே பிசகுகின்றன. மீண்டும் நிரை, மீண்டும் நிரல் எனத் தொடர, பிசகு சுற்றுக்குச் சுற்று தேய்ந்து மறைகிறது. குறிப்பிடத்தக்கது என்னவெனில், மூலைவிட்டப் பெருக்கல்களின் விகிதம் (40×20)/(10×30), அதாவது 8/3, எந்தச் சுற்றிலும் மாறுவதில்லை. மாதிரி சொன்ன உள்ளுறவு அப்படியே காக்கப்படுகிறது.

மாதிரி ஆய்வாளர்கள் இதை ‘ரேக்கிங்’ என்பர். தோட்டத்து மண்ணை வாரியால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துச் சீராக்குவதைச் சுட்டும் பெயர் அது. நம் வழக்கில் ‘பரம்படித்தல்’ என்று அழகாகச் சொல்லலாம். ஆயினும் பரம்பு மேடுபள்ளம் இரண்டையும் சமமாக்கிவிடும், இம்முறையோ ஏற்றத்தாழ்வின் விகிதத்தைக் காப்பது. ஆகவே பேச்சில் அது வழங்கலாம், எழுத்தில் ‘விகித’ என்னும் சொல் பெயருக்குள் இருந்தே தீரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பொருளியலார் வழங்கும் ‘ராஸ்’ என்பது ரிச்சர்ட் ஸ்டோனின் உள்ளீட்டு வெளியீட்டு ஆய்வில் இடம்பெற்ற ஆர், ஏ, எஸ் என்னும் மூன்று குறியீடுகளின் தொகுப்பு: நடுவில் அணி (எண்களின் அட்டவணை), இருபுறமும் நிரை, நிரல் பெருக்கிகள்.

‘மறுசெய்’ என்பதும் ‘பொருத்தம்’ என்பதும் ஓர் எல்லைக்கு உட்பட்டவை. அட்டவணையின் அறைகள் யாவும் சுழியினும் பெரியவையாகவும் இரு பக்க மொத்தங்களும் சமமாகவும் இருந்தால் முடிவு உறுதி. சுழியாக உள்ள அறையோ எதனால் பெருக்கினாலும் சுழியாகவே நிற்கும். மாதிரியில் ஒருவரும் அகப்படாத சிறு பிரிவை, தொடங்குமுன் அடுத்த பிரிவோடு இணைத்துவிட வேண்டும்.