சாயத்தைப் பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்

நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காக 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில வருடங்களிலேயே திருப்பூரின் சாயக்கழிவு நீர் தேங்கும் குட்டையாகிப் போனது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் ஆற்றுக்குப் போகாத நிலையை எட்டும்வரை சாயப்பட்டறைகள் மூடியிருக்க வேண்டும் என்று 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்றிலிருந்து அந்த ஊருக்குச் சாயத்தைத் தண்ணீரிலிருந்து பிரிப்பது பிழைப்புக்கான வேலை.

பிரிப்பது ஏன் கஷ்டம்? பனியன் துணிக்கு ரியாக்டிவ் சாயங்களைப் பயன்படுத்துகிறார்கள். இவை பருத்தியோடு வேதிப் பிணைப்பு போட்டுக்கொள்வதால் துவைத்தாலும் சாயம் போகாது. ஆனால் சாயத்தில் ஒரு பங்கு, துணியைப் பிடிப்பதற்குப் பதிலாகத் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடுகிறது. மறுபடி எந்தத் துணியிலும் ஏறாது. தண்ணீரில் நன்றாகக் கரைவதால் அடியிலும் படியாது. பாக்டீரியாக்களும் லேசில் தின்னாது. காற்றில்லாத சேற்றில் சிக்கினால் பல சாயங்களில் இரண்டு நைட்ரஜன் அணுக்களைக் கோக்கும் அசோ பிணைப்பு உடைந்து அரோமேட்டிக் அமீன்கள் உருவாகலாம். அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்குபவை.

இங்கேதான் பரப்புக் கவர்ச்சி வருகிறது. பஞ்சு தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்வது உறிஞ்சுதல். ஒரு பொருளின் மேற்பரப்பில் மூலக்கூறுகள் போய் ஒட்டிக்கொள்வது பரப்புக் கவர்ச்சி. துணியில் சாயம் ஏறுவதன் முதல் கட்டமே இதுதான். சாயம் முதலில் நூலின் பரப்பில் ஒட்டும், அப்புறம் சோடா சேர்த்ததும் பிணையும். அப்படியானால், துணியைவிட அதிக ஆசையோடு சாயத்தை இழுக்கும் ஒரு பரப்பைச் செய்துவிட்டால் போதும்.

கிளர்வூட்டிய கரி இந்த வேலைக்குப் பழைய ஆள். தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி, நீராவி செலுத்திச் சூடாக்கினால் உள்ளே கோடிக்கணக்கான நுண்துளைகள் விழும். ஒரு கிராம் கரியில் சுமார் 1000 சதுர மீட்டர் பரப்பு, அதாவது ஏறக்குறைய 25 சென்ட் நிலம்! ஆனால் சிரட்டைக் கரியில் பெரும்பாலான துளைகள் 2 நானோமீட்டருக்கும் குறைவு. பருத்த ரியாக்டிவ் சாய மூலக்கூறுக்கு அது தேர் நுழையாத சந்து. எவ்வளவு பரப்பு இருக்கிறது என்பதைவிட, சாயம் எட்டக்கூடிய பரப்பு எவ்வளவு என்பதே கேள்வி.

அதனால் துளையின் அளவையும் பரப்பின் மின்சுமையையும் திட்டமிட்டே செய்யத் தொடங்கினார்கள். ரியாக்டிவ் சாயத்தில் சல்ஃபோனேட் என்ற எதிர்மின் குழுக்கள் இருக்கின்றன. எனவே பரப்புக்கு நேர்மின் வேண்டும். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானில் அமீன் குழுக்கள் உண்டு. அமில நீரில் அவை நேர்மின் பெற்றுச் சாயத்தை வாரி இழுக்கும். அதே அமிலத்தில் கைட்டோசான் கரைந்தும் போகும் என்பதால், சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்துச் சிறு மணிகளாக்குகிறார்கள். உள்ளே இரும்பு ஆக்சைடு துகளைச் சேர்த்தால், வேலை முடிந்தபின் காந்தத்தால் அள்ளிவிடலாம்.

சரி, பட்டறைத் தண்ணீருக்கு வருவோம். அதில் சோடா இருப்பதால் காரம் தூக்கலாக இருக்கும். காரத்தில் கைட்டோசானின் அமீன் தன் மின்சுமையை இழந்துவிடுகிறது. ஒன்று, தண்ணீரில் அமிலம் ஊற்ற வேண்டும். அல்லது குவாட்டர்னரி அமோனியம் என்ற குழுவைப் பரப்பில் ஒட்ட வேண்டும். அது அமிலமோ காரமோ எதிலும் நேர்மின்னாகவே நிற்கும். கழிவுப் பஞ்சிலேயே இந்தக் குழுவை ஒட்டி, சாயம் பிடிக்கும் பொருளாக மாற்ற முடியும். எனக்கு மிகவும் பிடித்த வழி இது.

அடுத்த சிக்கல் உப்பு. தண்ணீரில் பருத்தியும் எதிர்மின், சாயமும் எதிர்மின் என்பதால் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை மறைக்கத்தான் சாயத் தொட்டியில் லிட்டருக்கு 50 கிராம் அளவுக்குக்கூட உப்பு போடுகிறார்கள். தள்ளலை மறைத்த உப்பு, கழிவுநீரில் ஈர்ப்பையும் மறைக்கிறது. நேர்மின் மணியைச் சுற்றிக் குளோரைடோ சல்ஃபேட்டோ மொய்த்துக்கொண்டால் சாயத்துக்கு இடம் ஏது? ஆய்வுக்கூடத்தில் வெறும் தண்ணீரில் மெத்திலீன் நீலத்தைக் கரைத்துச் சோதித்த எண்ணை இதனால்தான் நான் அப்படியே நம்புவதில்லை. அது வேறு சாயம். அதன் மின்சுமையும் நேர்மின்.

உலோக அயனிகளையும் கரிம மூலக்கூறுகளையும் கோத்துக் கட்டும், துளைகள் நிறைந்த உலோகக் கரிமச் சட்டகங்களை (MOF) உருவாக்கியதற்காக 2025-ல் கிட்டாகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவற்றின் துளைகளை விரும்பிய அளவில் அமைக்கலாம். ஆனால் பல சட்டகங்கள் தண்ணீரிலேயே சிதைந்துபோகும். கார நீரில் கேட்கவே வேண்டாம்.

இப்போது ஒரு கணக்கு. லிட்டருக்கு 200 மில்லிகிராம் சாயம் உள்ள நீர், நாளுக்கு 10 லட்சம் லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் சாயம் 200 கிலோ. ஒரு கிராம் மணி 500 மில்லிகிராம் பிடித்தால், தினம் 400 கிலோ மணி வேண்டும். ஒரு தடவை பயன்படுத்தி வீசினால் சாயக் கழிவோடு மணிக் கழிவும் மலையாகும். ஆகவே பிடித்ததை விடச் செய்ய வேண்டும். கைட்டோசான் மணி என்றால் காரம் ஊற்றினால் போதும், மின்சுமை போய்ச் சாயம் கழன்றுவிடும். குவாட்டர்னரி மணிக்கு அடர்ந்த உப்புக் கரைசல் வேண்டும். சாயம் இறுகப் பிடித்திருந்தால் ஆல்கஹாலும் சேர்க்க வேண்டிவரும். ஒவ்வொரு முறை கழுவும்போதும் பிடிக்கும் திறன் கொஞ்சம் குறையும்.

கழுவியதும் கையில் வருவது சிறு அளவு கறுத்த கரைசல். லட்சக்கணக்கான லிட்டரில் பரவிக் கிடந்த சாயம் அதற்குள் சுருங்கியிருக்கிறது. அதை ஓசோனால் உடைக்க வேண்டும், அல்லது வற்றவைத்துத் திடக்கழிவாகப் பாதுகாக்க வேண்டும். நிறம் போன தண்ணீரில் உப்பு அப்படியே இருக்கும். அதை எடுக்க எதிர்ச் சவ்வூடு பரவல் (RO) இயந்திரம் வேண்டும். சாயம் முன்னாலேயே நீங்கியிருந்தால் அந்தச் சவ்வு சீக்கிரம் அடைபடாது.