சப்சிடியாரிட்டி: யாருக்கு யார் துணை?

சப்சிடி என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. செலவில் ஒரு பகுதியை அரசு தாங்கிக்கொள்வது, தமிழில் மானியம். அதன் உடன்பிறப்பான சப்சிடியாரிட்டிதான் வாயிலும் நுழைவதில்லை, தமிழிலும் எளிதில் அமர்வதில்லை. சிறியவர்கள் தாமே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறிக்கக் கூடாது, அவர்களால் முடியாதபோது உதவ வேண்டும் என்ற கோட்பாடு அது. கத்தோலிக்கத் திருச்சபையின் சமூகப் போதனையைப் படிப்பவர்கள் இந்தச் சொல்லில் இடறாமல் போக முடியாது.

இரண்டுக்கும் தாய் 'சப்சிடியம்' என்ற லத்தீன் சொல். பின்னால் உட்கார்ந்திருப்பது என்பது வேர்ப்பொருள். அப்படி இருந்தவர்கள் படைவீரர்கள். பழைய ரோமானியப் படையில் மூன்றாம் வரிசையின் மூத்த வீரர்கள் இடக்காலை நீட்டி, கேடயத்தைத் தோளில் சாய்த்து, மண்டியிட்டுக் காத்திருப்பார்கள் என்று எழுதுகிறார் வரலாற்றாசிரியர் லிவி. முன்வரிசைகள் தாக்குப்பிடிக்கும்வரை அவர்களுக்கு வேலை இல்லை. அவை தளர்ந்தால்தான் எழுவார்கள். நம் புறத்திணையிலும் இதற்கு நெருங்கிய காட்சி உண்டு. உடைந்தோடும் படைக்குப் பின்னால் நின்று பகைவரைத் தடுக்கும் வீரத்தைக் 'கூழை தாங்கிய எருமை' என்கிறது தொல்காப்பியம். கூழை என்பது பின்படை. கோட்பாட்டுக்கு 'எருமை நெறி' என்று பெயர் வைக்க யாரும் ஒப்பமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

தொழிலாளர் நிலை குறித்துத் திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலுக்கு 40 ஆண்டு நிறைந்தபோது, 1931 மே 15 அன்று திருத்தந்தை 11-ஆம் பயஸ் 'குவாத்ராஜேசிமோ ஆன்னோ' மடலை வெளியிட்டார். தனிமனிதரும் சிறு குழுக்களும் தாமே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி. அதன் இயல்பு உறுப்பினருக்குத் துணைசெய்வது, அவர்களை விழுங்குவதன்று என்றது அம்மடல். அன்று வத்திக்கானைச் சுற்றி இருந்தது முசோலினியின் இத்தாலி. தொழிற்சங்கங்களை அரசே கைக்குள் வைத்திருந்தது. அதை மறந்துவிட்டுப் படித்தால் இது வெறும் நிர்வாக ஆலோசனையாகத் தோன்றிவிடும்.

ஒரு மருத்துவமனை வார்டை எடுத்துக்கொள்வோம். பணிமுறைப் பட்டியலைச் செவிலியர்களே பென்சிலால் போடுகிறார்கள். ஒருவருடைய குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், இன்னொருவர் அவருடைய இரவுப் பணியை ஏற்றுக்கொள்வார். ரப்பரால் அழித்து எழுதினால் காரியம் முடிந்தது. பிறகு தலைமை அலுவலகத்தில் ஒரு மென்பொருள் வருகிறது. அதே மாற்றத்துக்கு இப்போது விண்ணப்பம், ஒப்புதல், சில நேரம் காரணம் சொல்லாத நிராகரிப்பு. யாரும் கொடுமை செய்யவில்லை. அவர்களால் முடிந்த ஒன்று அவர்கள் கையைவிட்டுப் போய்விட்டது, அவ்வளவுதான்.

அதே வார்டில் நான்கு பேர் ஒரே நாளில் நோயில் விழுந்தால், "உங்கள் பட்டியல், உங்கள் பாடு" என்று தலைமை அலுவலகம் கைகழுவவும் முடியாது. ஆள் அனுப்பியாக வேண்டும். மூன்றாம் வரிசை எழ வேண்டிய நேரம் அது. அரசின் பொறுப்பைச் சுருக்குவதற்காக இந்தச் சொல்லை எடுத்து வீசுபவர்கள் இந்தப் பாதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அளவு மீறிய மையப்படுத்தலில் தொழிலாளி தன்னை மேலிருந்து இயக்கப்படும் பெரிய இயந்திரத்தின் ஒரு பல்சக்கரமாக உணர்கிறார் என்று 'லபோரெம் எக்செர்சென்ஸ்' மடலில் எழுதினார் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால். அடுத்த வேலை எது, எத்தனை நிமிடத்தில் என்று கைப்பேசிச் செயலியே உத்தரவிடும் காலத்தில் அதைப் படிக்கும்போது, மடலின் ஆண்டு 1981தானா என்று ஒருமுறை சரிபார்க்கத் தோன்றுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'துணைநிலைக் கோட்பாடு' என்றால் பொருள் தலைகீழாகிறது. துணைநிலை ஆளுநர், துணை நிறுவனம் என்றெல்லாம் பழகிய காதுக்கு அது கீழ்ப்பட்ட நிலை. இங்கே துணையாக இருக்க வேண்டியதோ பெரியது. 'அதிகாரப் பரவலாக்கம்' என்பதும் பொருந்தாது; அது மேலே இருப்பவர் கீழே கொடுப்பது. 'இதனை இதனால் இவன்முடிக்கும்' என்ற குறளை மேற்கோள் காட்டக் கை துறுதுறுக்கும். ஆனால் குறளில் பணியை ஒப்படைப்பவன் அரசன். கொடுத்தவன் திரும்பப் பெறலாம். சப்சிடியாரிட்டியில் கீழே இருப்பவரின் உரிமை யாரும் கொடுத்ததன்று, முதலிலிருந்தே அவருடையது.

என் தேர்வு 'துணைநிற்றல்'. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992 மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையிலும் இக்கோட்பாடு இடம்பெற்றிருக்கிறது; அப்படிப்பட்ட சட்ட வாசகங்களுக்குச் சுருக்கமாகத் 'துணைமை' போதும். தொழிலாளர் கூட்டத்தில் பேசும்போது துணைநிற்றல் என்றே சொல்லலாம். லத்தீனில் மண்டியிட்டவர் தமிழில் எழுந்து நிற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.