காய்ந்த கார்ட்ரிட்ஜில் மை ஊற்றிவிட்டு என்னிடம் வராதீர்கள்

போன செவ்வாய்க்கிழமை, கடை சாத்துகிற நேரத்தில் ஒரு டீச்சர் வந்தார். கையில் கட்டைப்பை, உள்ளே பிரிண்டர். பையின் அடிப்பக்கம் நீலமும் சிவப்புமாக நனைந்திருந்தது. புடவைக் கரையிலும் அதே நிறம். "தம்பி, ரெண்டு ஊசி மை ஏத்திட்டேன், இன்னும் காலின்னே காட்டுது" என்றார். எந்த ஊசி என்று கேட்டேன். மெடிக்கலில் வாங்கிய 10 மில்லி சிரிஞ்சு. அவர் வைத்திருந்த சின்ன கலர் கார்ட்ரிட்ஜில் ஓர் அறைக்கு 2 மில்லி கொண்டாலே அதிகம். மிச்சம் எங்கே போனது என்பதைப் பையே காட்டிக்கொண்டிருந்தது.

பள்ளி திறந்த இந்த ஒரு மாதத்தில் இது ஐந்தாவது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

வீட்டில் மை நிரப்பாதே என்று நான் சொல்லவில்லை. கார்ட்ரிட்ஜ் விற்கும் விலைக்கு நானே நிரப்பத்தான் செய்வேன். எப்சன் 2010-ல் இந்தோனேசியாவில் மை ஊற்றும் தொட்டியோடு வரும் முதல் டாங்க் பிரிண்டரை இறக்குவதற்கு முன்பே எங்களைப் போன்ற கடைக்காரர்கள் கார்ட்ரிட்ஜில் ஓட்டை போட்டு, ட்யூப் செருகி, வெளியே மை பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தோம். கம்பெனிக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் டாங்க் வைத்தார்கள் என்பது எங்கள் பெருமை. அது இருக்கட்டும்.

எனக்கு எரிச்சல் வருவது ஒரே ஒரு பேச்சுக்கு: "மை சுத்தமா தீரட்டும், அப்புறம் ஊத்திக்கலாம்." பைக்கில் பெட்ரோல் தீர்ந்தால் தள்ளிக்கொண்டு போய் நிரப்பிவிடலாம். கார்ட்ரிட்ஜ் அப்படியில்லை. உங்கள் கார்ட்ரிட்ஜின் அடியில் செம்பு நிறப் பட்டை இருக்கிறதா? இருந்தால் பெரும்பாலும் மை துப்பும் ஹெட்டும் அதிலேயே இருக்கிறது. அந்த ஹெட் மையைச் சூடாக்கித்தான் துப்புகிறது. 1977-ல் கேனான் ஆய்வுக்கூடத்தில், மை ஏற்றி வைத்திருந்த சிரிஞ்சின் ஊசியில் சூடான சால்டரிங் அயர்ன் தெரியாமல் பட்டு, மை பீறிட்டு வந்தது. அதிலிருந்துதான் இந்த நுட்பமே பிறந்தது. ஹெட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஹீட்டர்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் கண நேரத்தில் 300 டிகிரி வரை சூடேறும். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போவது மைதான். மை இல்லையென்றால் வெறும் சட்டியை அடுப்பில் வைத்த கதை. கருகிய ஹீட்டர் கருகியதுதான். அதற்குப் பிறகு எத்தனை மில்லி ஊற்றினாலும் அந்த இடத்தில் வெள்ளைக் கோடுதான் வரும்.

கலர் கார்ட்ரிட்ஜில் இது இன்னும் மோசம். மூன்று அறைகளும் ஒன்றாகத் தீருவதில்லை. மெஜந்தா என்கிற ரோஸ் கலந்த சிவப்பு முதலில் போய்விடும், போட்டோவில் எல்லார் முகமும் பச்சையாக வரும். "பரவாயில்ல, பிரிண்ட் வருதே" என்று இன்னும் இருபது பக்கம் அடிப்பீர்கள். அந்த இருபது பக்கமும் மெஜந்தா ஹெட் வெறும் வயிற்றில் எரிகிறது. இதில் ஹெட்டைச் சுத்தம் செய்கிற க்ளீனிங் வேறு நாலைந்து முறை கொடுப்பீர்கள். அது இருக்கிற மையையும் உறிஞ்சிக் கொட்டிவிடும். கடைசியாக, தீர்ந்த கார்ட்ரிட்ஜை அப்படியே பிரிண்டரில் விட்டுவிட்டு இரண்டு மாதம் கழித்து ஞாபகம் வந்து ஊசியோடு உட்காருவீர்கள். அதற்குள் உள்ளே மையைப் பிடித்து வைத்திருக்கும் ஸ்பாஞ்சு கருவாடாகியிருக்கும்.

எப்போது நிரப்புவது? எழுத்து வெளிறினாலோ முதல் கோடு விழுந்தாலோ அந்தப் பக்கத்தோடு நிறுத்துங்கள். அன்றைக்கே நிரப்புங்கள். முடியாவிட்டால் கார்ட்ரிட்ஜைக் கழற்றி, ஹெட்டில் டேப் ஒட்டி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். இன்னொரு வழி இருக்கிறது, ஆனால் யாரும் கேட்பதில்லை: புது கார்ட்ரிட்ஜைப் பிரித்ததும் சமையலறைத் தராசில் எடை பார்த்து மூடியில் எழுதி வையுங்கள். நிரப்பும்போது அந்த எடைக்கு ஒரு கிராம் குறைவாக நிறுத்தினால் போதும், வழியாது.

டீச்சர் மாட்டிக்கொண்டது "காலி" என்ற எச்சரிக்கையில். பல கார்ட்ரிட்ஜ்களில் பிரிண்டர் மையை அளந்து பார்ப்பதில்லை, எத்தனை சொட்டுத் துப்பினோம் என்று கணக்கு வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நீங்கள் ஊற்றியது அதற்குத் தெரியாது. அதனால் நிரப்பிய பிறகும் காலி என்றுதான் சொல்லும், ஓகே கொடுத்துவிட்டு அடியுங்கள். கேனானில் பல மாடல்களில் ஸ்டாப் பட்டனை 5 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் அடிக்க ஆரம்பித்துவிடும். திரையில் காலி என்று வருகிறதே என்று இன்னொரு ஊசி ஏற்றாதீர்கள், தயவுசெய்து.

ஊசியைப் பற்றி. 2 மில்லி சிரிஞ்சு போதும். ஊசியை அடிவரை குத்தாதீர்கள், அடியில் சல்லடை இருக்கிறது. மெதுவாக, சொட்டுச் சொட்டாக. எந்த ஓட்டை எந்த நிறம் என்று வீடியோவை நம்பாமல் பல்குச்சி விட்டுப் பாருங்கள், மாடலுக்கு மாடல் மாறும். நிரப்பி முடித்ததும் மேலே செல்லோடேப்பை இறுக்கி ஒட்டுகிறார்கள். காற்று உள்ளே போக வழியில்லாமல் இரண்டு பக்கத்தில் மை நின்றுவிடும், "கார்ட்ரிட்ஜ் போச்சு" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் டேப்பை உரித்துக் கொடுத்து அனுப்புவேன், காசு வாங்க மாட்டேன். பழைய லேபிளையே தளர்வாக ஒட்டுங்கள்.

மை உங்கள் மாடலுக்கானதாக இருக்கட்டும். ஸ்டாம்ப் பேட் மை ஊற்றியவரைப் பார்த்திருக்கிறேன், அவரோடு பேச எனக்கு எதுவும் இல்லை.

சிந்திவிட்டால் முதலில் ப்ளக்கைப் பிடுங்குங்கள். பிரிண்டருக்குள் குறுக்காக, கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஓடும். அதில் பொடிக் கோடுகள் இருக்கின்றன, ஹெட் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வது அதைப் பார்த்துத்தான். அதில் மை பட்டால் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மென்மையாகத் துடையுங்கள். ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தால் கோடும் போய்விடலாம்.

வீட்டில் குழந்தை இருந்தால் மையும் ஊசியும் அலமாரியின் மேல்தட்டில். பழைய ஊசியைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள், மூடியுள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு இறுக்கி மூடிக் கொடுங்கள். குப்பை பிரிப்பவர் வெறுங்கையோடுதான் பிரிக்கிறார்.

டீச்சரின் பிரிண்டரைப் பிரித்துக் கழுவிக் காயவைக்க இரண்டு நாள் ஆனது. போர்டு தப்பித்தது, கலர் கார்ட்ரிட்ஜ் தப்பவில்லை. புதிதாக ஒன்று வாங்கினார். கடையிலேயே தராசு கேட்டு எடை போட்டு, சிவப்புப் பேனாவில் மூடியில் எழுதிக்கொண்டு போனார்.