வீட்டில் நிரப்பிய தோட்டாவும் தற்காப்பு வாதமும்: அமெரிக்கச் சட்டத்தில் சிக்கல் எங்கே?

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் பயிற்சியில் ஈடுபடுவோர் பலர், சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைச் சேர்த்துவைத்து, சுத்தம் செய்து, புதிய ப்ரைமர் (அடிபட்டதும் பொறி எழுப்பி மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பொருத்தி, வெடிமருந்தைக் கிரெயின் என்ற சிறு எடை அளவில் நிறுத்துக் கொட்டி, மேலே குண்டை அழுத்தித் தோட்டாவை வீட்டிலேயே தயாரித்துக்கொள்கிறார்கள். ரீலோடிங் எனப்படும் இதற்குச் சொந்த உபயோகம் என்ற அளவில் கூட்டாட்சிச் சட்டம் உரிமம் கேட்பதில்லை. தொழிலாகத் தயாரித்து விற்பவருக்குத்தான் உரிமம் தேவை. (இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதே குற்றம், 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பின் அதற்குக் குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டுச் சிறை.)

ஆகவே சிக்கல் தயாரிப்பில் இல்லை, சாட்சியத்தில் இருக்கிறது. தாக்க வந்தவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார் என்று சுட்டவர் சொல்ல, விலகி நின்றவரைச் சுட்டுவிட்டார் என்று அரசுத் தரப்பு சொன்னால், உடையில் படிந்த கரியும் எரியாத மருந்துத் துகள்களும்தான் தூரத்தைக் காட்டும். தடய நிபுணர் அதே துப்பாக்கியில் அதே வகைத் தோட்டாவை இட்டு, வெவ்வேறு தூரங்களிலிருந்து துணியின் மீது சுட்டு, அந்தப் படிவை உடையில் உள்ள படிவோடு ஒப்பிடுவார். தொழிற்சாலைத் தோட்டா என்றால் அதே வகையில் இன்னொரு பெட்டி வாங்கிச் சோதிக்கலாம். மருந்தின் அளவு மாறினால் படிவும் மாறும்; ஆனால் வீட்டில் நிரப்பியதில் எவ்வளவு மருந்து இருந்தது என்பதற்குச் சுட்டவருடைய குறிப்பேடு மட்டுமே ஆதாரம். அதை எழுதியவரே குற்றம் சாட்டப்பட்டவராகவும் இருப்பதால், நீதிமன்றம் அதை ஏற்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

நியூ ஜெர்சியில் 1989-இல் நடந்த ஒரு மரணம் இதற்கு எடுத்துக்காட்டு. மனைவி தன்னைத்தானே சுட்டுக்கொண்டார் என்றார் கணவர். ரிவால்வரில் கணவர் மருந்து குறைத்து நிரப்பிய தோட்டாக்கள் இருந்தன. உயிரைப் பறித்த அந்த ஒரு தோட்டாவில் எவ்வளவு மருந்து இருந்தது என்பதை நிறுவ வழியில்லாமல் போனதால், எவ்வளவு தூரத்திலிருந்து சுடப்பட்டது என்பதையும் சோதித்து உறுதிசெய்ய முடியவில்லை. வழக்கு பலமுறை விசாரிக்கப்பட்டு, முடிவில் கணவர் அலட்சியத்தால் உயிரிழப்பு ஏற்படுத்திய குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டார். இது தற்காப்பு வழக்கு அல்ல. ஆனால் தூரம் பற்றிய கேள்வி தற்காப்பு வழக்கிலும் இதே வடிவில்தான் எழும்.

'சாதாரணத் தோட்டா போதாமல் கொடியதைத் தயாரித்தார்' என்று அரசு வழக்கறிஞர் வாதிடுவார் என்ற அச்சமும் உண்டு. ஆனால் அத்தகைய வாதம் தொழிற்சாலைத் தோட்டாவுக்கும் வரும். அரிசோனாவில் 2004-இல் மலைப்பாதையில் ஒருவரைச் சுட்ட ஓய்வுபெற்ற ஆசிரியரின் வழக்கில், அவர் வைத்திருந்த 10 மி.மீ. குழிமுனைத் தோட்டாவை (உடலில் பட்டதும் விரியும் வகை) பற்றியே ஜூரியிடம் பேசப்பட்டது. 2006-இல் கிடைத்த தண்டனை 2009-இல் மேல்முறையீட்டில் ரத்தானது. இப்படிப்பட்ட பேச்சுக்கு வழக்கறிஞர் பதில் சொல்லிவிடலாம், இல்லாத சோதனை முடிவுக்குப் பதில் சொல்ல முடியாது என்பதே என் கருத்து.

தற்காப்பு அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு இன்று ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் அரசுத் தரப்பினுடையதுதான். ஆயினும் தற்காப்பு என்ற வாதத்தை எழுப்பவே சுட்டவரிடம் ஓரளவு ஆதாரம் இருக்க வேண்டும். எனவே வீட்டில் நிரப்பியதைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, பாதுகாப்புக்கான துப்பாக்கியில் தொழிற்சாலைத் தோட்டாவையே இடுங்கள். லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) அச்சிட்ட அட்டைப்பெட்டியை, மிஞ்சிய தோட்டாக்களுடன் பத்திரப்படுத்துங்கள்.