வண்டி ஏன் கொதிக்குது? ஒரு மூடி பண்ற வேலை

இன்ஜினுக்குள்ள பெட்ரோல் எரியுற அந்த நொடியில சூடு 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிடும், ஆனா இன்னைக்கு ஓடுற பெரும்பாலான கார்ல பிஸ்டனும் ஹெட்டும் (பிஸ்டன் ஓடுற சிலிண்டரை மேல மூடியிருக்குற பகுதி) அலுமினியம்தான். அப்புறம் எப்படி உருகாம ஓடுதுன்னா, எரியுற பெட்ரோலோட சக்தியில சுமாரா மூணுல ஒரு பங்குதான் வண்டியை நகர்த்துது, மீதி சூட்டுல கிட்டத்தட்ட பாதி சைலன்சர் வழியா போயிடும், இன்னொரு பாதியை கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்க உள்ள சுத்தி வர்ற திரவம்) சுமந்துட்டு போய் ரேடியேட்டர்ல காத்துக்குக் குடுத்துட்டு திரும்பி வருது. இந்தப் பாதையில எங்க தடங்கல் வந்தாலும் வண்டி ஹீட் ஆகும்.

அதனால மெக்கானிக்கிட்ட போறதுக்கு முன்னாடியே ஒண்ணு கவனிச்சு வைங்க, எப்போ ஹீட் ஆகுது? டிராஃபிக்ல நிக்கும்போது மட்டும் ஏறி, ஓட ஆரம்பிச்சதும் இறங்கிடுச்சுன்னா முதல் சந்தேகம் ஃபேன் மேல (ஃபியூஸ், ரிலே, மோட்டார் எதுன்னாலும் இருக்கலாம்), ஏன்னா ஓடும்போது காத்து தானா வந்துடும், நிக்கும்போது ஃபேன் மட்டும்தான் கதி. வேகமா போகும்போதோ மேடு ஏறும்போதோ ஹீட் ஆனா ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், கூலன்ட் குறைவு இதுங்களைப் பாக்கணும். இன்ஜின் கொதிக்குது ஆனா ரேடியேட்டர் பக்கம் சில்லுன்னு இருக்குன்னா தெர்மோஸ்டாட் திறக்காம சிக்கிக்கிச்சுன்னு அர்த்தமா இருக்கலாம். அதுக்குள்ள ஒரு மெழுகு இருக்கும், 80-90 டிகிரி வாக்குல உருகி விரிஞ்சு வால்வைத் தள்ளி, கூலன்ட் ரேடியேட்டருக்குப் போக வழி விடும், அவ்வளவுதான் அதோட வேலை. இதைக் கழட்டி வீசிட்டா பிரச்சனை தீரும்னு சொல்லுவாங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க, இன்ஜின் சரியான சூட்டுக்கே வராம மைலேஜும் போகும் தேய்மானமும் கூடும்.

இப்போ மூடிக்கு வரேன். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்ல, குக்கர் வெயிட் மாதிரி. உள்ள சுமார் 1 பார் கூடுதல் பிரஷரைப் பிடிச்சு வைக்கும், அதனாலதான் 100 டிகிரியில கொதிக்க வேண்டிய தண்ணி 120 டிகிரி வரைக்கும் கொதிக்காம நிக்குது. என் வண்டியில கூலன்ட் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சிட்டே இருந்துச்சு, ஹோஸ் மாத்தினேன், கிளாம்ப் மாத்தினேன், கடைசியில பாத்தா மூடிக்கு அடியில இருக்குற ரப்பர் வளையத்துல நகத்தால கீறின மாதிரி ஒரு சின்ன வெடிப்பு, சுத்தியும் காய்ஞ்சுபோன பச்சைக் கறை. மூடியை மாத்தினதும் சரியாயிடுச்சு.

சூடா இருக்கும்போது அதைத் திறக்கவே கூடாதுங்கறதுக்கும் இதே பிரஷர்தான் காரணம். திறந்த அந்த நொடி பிரஷர் விழுந்து, உள்ள இருக்குற 110 டிகிரி தண்ணியில ஒரு பகுதி சட்டுன்னு ஆவியா மாறி, கொதிக்கிற தண்ணியையும் சேத்து முகத்துல அடிக்கும்.

குழாய்த் தண்ணி ஊத்துறதும் பெரிய தப்பு. அதுல இருக்குற உப்பு உள்சுவத்துல படிஞ்சு சூடு வெளிய வராம போர்வை மாதிரி போத்திடும், துருவும் பிடிக்கும். கூலன்ட்ல இருக்குற கிளைக்கால் (glycol) அப்படிங்கற வேதிப்பொருள் கொதிநிலையை ஏத்தும், கூட இருக்குற மருந்து துருவைத் தடுக்கும், ஆனா அந்த மருந்துக்கும் ஆயுசு உண்டு, மேனுவல்ல போட்டிருக்குற கணக்குக்கு மாத்திடுங்க.

ஓடும்போது டாஷ்போர்டுல சூடு காட்டுற ஊசி ஏறிச்சுன்னா ஏசியை அணைச்சு ஹீட்டரை ஃபுல்லா வைங்க, அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், அப்புறம் சீக்கிரமா ஓரங்கட்டி ஆஃப் பண்ணி அரைமணி நேரமாவது விடுங்க. குளிர்ந்த தண்ணியை சூடான இன்ஜின் மேல ஊத்தாதீங்க, விரிசல் விடும். இன்னும் கொஞ்ச தூரம்தானேன்னு ஓட்டினா ஹெட் வளைஞ்சு அதுக்கு அடியில கசிவைத் தடுக்குற கேஸ்கெட் போயிடும், அப்புறம் ஆயில்ல தண்ணி கலந்து பால்காப்பி நிறத்துல வரும், அதுக்கு மேல இன்ஜினைப் பிரிக்காம வழியில்ல.

இன்னொண்ணு, ரொம்ப பேர் ஏமாறுற இடம் இது: கூலன்ட் மொத்தமா லீக் ஆயிட்டா சூட்டை அளக்குற சென்சார் மேல தண்ணியே இருக்காது, அப்போ இன்ஜின் வெந்துட்டு இருக்கும்போதே ஊசி கீழ இறங்கலாம். அதனால ஏறின ஊசி திடீர்னு இறங்கிச்சுன்னா, சரியாயிடுச்சுன்னு நெனைக்காம உடனே நிறுத்திடுங்க.